சூளைக்குக் கொடுத்த எண்

விருத்தாசலத்தில் நான் பதினான்கு மாதம் இருந்தேன். அதற்கு முன் வேலைக்குப் போன எந்த ஊரிலும் ஒரு வருஷம் முழுதாக இருந்ததில்லை. ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். திருப்பூரில் பனியன் மடித்தேன். கேரளாவில் ஒரு கிடங்கில் மூட்டை தூக்கினேன். கடைசியில் ஓசூரில், புதுக் கட்டடங்களுக்குள் கம்ப்யூட்டர் வயர் இழுக்கும் வேலையில் சேர்ந்தேன். அங்கேதான் அவனைப் பார்த்தேன். திட்டக்குடிக்குப் பக்கம் மங்களூர்க்காரன். நான் ஏணி மேல், அவன் ஏணியைப் பிடித்துக்கொண்டு கீழே. பத்து மாதம் அப்படித்தான் போனது.

வயரை இழுத்து, எல்லா வயர்களும் வந்து கூடும் ஸ்விட்ச் பெட்டியில் செருகினால் ஒரு சின்னப் பச்சை விளக்கு மினுக்கும். அது ஏன் மினுக்குகிறது என்று மேஸ்திரியைக் கேட்டேன். “மினுக்குச்சுன்னா வேலை முடிஞ்சுது, எறங்கு” என்றார். எனக்கு அது போதவில்லை. காலி செய்து போன ஓர் அலுவலகம் விட்டுச் சென்ற குப்பையில் அட்டை கிழிந்த பாடப்புத்தகம் ஒன்று கிடைத்தது. எழுத்துக் கூட்டி எழுத்துக் கூட்டி அதைப் படித்தேன். புரியாததை போனில் வீடியோவாகப் பார்த்தேன்.

ஒரு செய்தி முழுசாகப் போவதில்லை. துண்டு துண்டாக வெட்டுகிறார்கள். ஒவ்வொரு துண்டின் தலையிலும் யாரிடமிருந்து, யாருக்கு என்று இரண்டு எண்கள் இருக்கும். துண்டுகள் ஆளுக்கொரு வழியில் போகலாம். போய்ச் சேர்ந்த இடத்தில் வரிசைப்படுத்தி ஒட்டிக்கொள்வார்கள். ஒன்று குறைந்தால் திரும்பக் கேட்பார்கள். இன்னொன்றும் எழுதியிருந்தது. ஒவ்வொரு துண்டும் எத்தனை வாசலைத் தாண்டலாம் என்று ஒரு கணக்கு உண்டு. வாசலில் நின்று வழிகாட்டும் ரவுட்டர் பெட்டி ஒவ்வொன்றும் அதில் ஒன்றைக் கழிக்கும். பூஜ்யம் ஆனால் அந்த இடத்திலேயே கீழே போட்டுவிடும். இல்லாவிட்டால் வழி தெரியாத துண்டு முடிவே இல்லாமல் சுற்றிக்கொண்டிருக்குமாம். அந்தப் பக்கத்தை நான் இரண்டு தடவை படித்தேன்.

அவனுக்குப் புத்தகம் பிடிக்காது. பேச வரும். ஓசூரில் வேலை குறைந்தபோது, “வாடா எங்க ஊர்ப் பக்கம். விருத்தாசலத்துல செராமிக் யூனிட்டுங்க வரிசையா இருக்குது. ஒருத்தனுக்கும் நெட்டுன்னா என்னான்னு தெரியாது. நீ வேல பாரு, நான் பேசறேன்” என்றான். வந்தோம். ரயில்வே ஜங்ஷனுக்குப் பின்னால் ஓர் அறை எடுத்தோம். சனிக்கிழமை அவன் மங்களூருக்குப் போய் மனைவியைப் பார்த்துவிட்டுத் திங்கட்கிழமை வருவான். நான் அறையிலேயே கிடப்பேன்.

முதலில் கிடைத்தது ஃபியூஸ் கட்டைகளும் மின்கம்பத்துப் பீங்கான் குமிழ்களும் செய்யும் ஒரு யூனிட். முதலாளி நல்லவிதமாகப் பேசுகிறவர். அலுவலகக் கம்ப்யூட்டர், பில் போடும் கம்ப்யூட்டர், பிரிண்டர், கேமராப் படங்களைப் பதிவு செய்யும் பெட்டி, கடைசியாகச் சூளையின் சூட்டை அளந்து சொல்லும் ஒரு சின்னப் பெட்டி. எல்லாவற்றையும் ஒரே வலையில் கோத்தோம். சூளைக்குள் எத்தனை டிகிரி என்று முதலாளி எங்கே இருந்தாலும் போனில் பார்க்கலாம். அதைப் பார்த்துவிட்டு அந்தத் தெருவில் இருந்த மற்ற யூனிட்டுக்காரர்களும் கேட்க ஆரம்பித்தார்கள். அவர்களுடைய சங்கம், எல்லா யூனிட்டுக்கும் வலை போட்டுப் பராமரிக்க இரண்டு ஆட்களை நிரந்தரமாக வைத்துக்கொள்ளலாம் என்று பேசியது. பொங்கலுக்கு முன் முடிவு சொல்வதாகச் சங்கத் தலைவர் சொன்னார்.

அந்த வேலை எனக்கு வேண்டும் என்று நினைத்தேன். ஒரு வேலை வேண்டும் என்று நான் நினைத்தது அதுதான் முதல் தடவை. இரும்புக் கட்டில் ஒன்று வாங்கினேன். ஆதாரில் விலாசத்தை விருத்தாசலத்துக்கு மாற்ற எழுதிக் கொடுத்தேன். வரிசையில் நான் நின்றபோது என் பையை வைத்துக்கொண்டு மரத்தடியில் உட்கார்ந்திருந்தவன் அவன்தான். “பெரிய குடும்பஸ்தன் ஆயிட்ட, கட்டில் வாங்கிட்ட, அடுத்து தொட்டில்தான்” என்று கிண்டல் செய்தான்.

வலைக்குள் இருக்கிற ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் எண் கொடுக்க வேண்டும். அதுதான் அதன் முகவரி. ஒரு வலைக்குள் ஒரே எண் இரண்டு பொருளுக்கு இருக்கக் கூடாது. நான் ஒரு நீள நோட்டில் எழுதி வைத்தேன். கேமராப் பெட்டிக்கு ஒன்பது. சூளைக்குப் பதினேழு. நோட்டைப் பார்த்த முதலாளி சூளை வரியில் விரலை வைத்தார்.

“தம்பி, பதினேழக் கூட்டினா எட்டு வருது.”

“அது கம்ப்யூட்டருக்குத்தான் சார். வெளிய எங்கயும் தெரியாது.”

“எனக்குத் தெரியுதே? வண்டி நம்பர்ல எட்டு வரக் கூடாதுன்னு ஆறு மாசம் காத்திருந்து வாங்கினவன் நான். நெருப்பு வெக்கிற எடத்துக்குப் போயி சனி நம்பரக் குடுத்திருக்கற.”

நான் சிரித்தேன். அவரும் சிரித்தார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது என்று நினைத்தேன்.

கார்த்திகையில் நல்லூரில் ஒரு கடைக்கு வயர் இழுக்க ஒரு வாரம் போனேன். போவதற்கு முதல் நாள் யூனிட்டில் ஒரு சோதனைக்காக வயர் செருக ஸ்விட்சில் ஒரு துளை தேவைப்பட்டது. எல்லாம் நிரம்பியிருந்தது. கேமராப் பெட்டியின் வயரைப் பிடுங்கிவிட்டு என் லேப்டாப்பைச் செருகினேன். வேலை முடிந்ததும் திரும்பச் செருக மறந்துவிட்டேன். பெட்டி படம் பிடிப்பதற்கு அந்த வயர் தேவையில்லை, வெளியிலிருந்து பார்ப்பதற்குத்தான் தேவை. அதனால் யாரும் கவனிக்கவில்லை. நோட்டு என் பையில் இருந்தது. நோட்டும் என்னோடு நல்லூருக்கு வந்துவிட்டது.

நான் திரும்பி வந்தது சூளை எரிகிற நாள். காலையிலேயே பற்ற வைத்திருந்தார்கள். முதலாளி திட்டக்குடியில் ஒரு நிச்சயதார்த்தத்துக்குப் போயிருந்தார். அவன் மங்களூரில். மத்தியானம் இரண்டரை மணி இருக்கும், அலுவலகத்துக்குள் போனேன். கேமரா வயர் தொங்குவது கண்ணில் பட்டது. செருகினேன். பச்சை விளக்கு மினுக்கியது. அடுத்த தெரு யூனிட்டில் வேலை இருந்ததால் போய்விட்டேன்.

சூளை பார்க்கிற அண்ணன் நான்கு மணிக்கு முதலாளிக்கு போன் செய்திருக்கிறார். சூளைக்குப் பக்கத்திலேயே சூட்டைக் காட்டும் பழைய மீட்டர் ஒன்று இருந்தது. பழுதாகி, ரிப்பேருக்குப் போய் மாதக்கணக்கில் ஆகியிருந்தது. போனில் தெரிகிறதே என்று யாரும் திரும்ப வாங்கவில்லை. பார்க்கும் துளை வழியாகப் பார்த்து, “உள்ள வெள்ளையா ஆயிடுச்சுங்க, கேஸ நிறுத்திடறேன்” என்று அவர் சொல்லியிருக்கிறார். முதலாளி மண்டபத்தில் நின்றபடியே போனைப் பார்த்திருக்கிறார். ஆயிரத்து நூற்றுத் தொண்ணூறு. இன்னும் அறுபது டிகிரி ஏற வேண்டும். “ஏறவே இல்லய்யா, கேஸு பத்தல, கூட்டி வை” என்றிருக்கிறார். அரை மணி கழித்துப் பார்த்தாலும் அதே எண். இன்னும் கூட்டச் சொன்னார்.

சூளையிலிருந்து பதில் வரவில்லை என்றால் அந்த புரோகிராம் கடைசியாக வந்த எண்ணையே காட்டிக்கொண்டிருக்கும். பதில் வரவில்லை என்று சொல்லாது. அது யாரோ எழுதிய புரோகிராம். அதை நான் முன்னமே கவனித்திருக்க வேண்டும்.

மறுநாள் மத்தியானம் ஆறிய பிறகு சூளையைத் திறந்தார்கள். பீங்கான் குமிழ்கள் மெழுகு போலச் சாய்ந்து, அடுக்கிய தட்டுகளோடு ஒட்டிக் கிடந்தன. சூளைக்குள் தள்ளிய ஒரு வண்டி முழுக்க அப்படி. சூளை அண்ணன் ஒன்றைப் பிய்த்து எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “பரவால்ல, பீடிச் சாம்பல் தட்டிக்க ஆவும்” என்றார். யாரும் சிரிக்கவில்லை. சங்கத் தலைவர் வந்திருந்தார். இந்த யூனிட்டைப் பார்த்துத்தானே மற்றவர்கள் எல்லாம் வலை போட இருந்தார்கள்.

“என்னாச்சு?” என்று தலைவர் கேட்டார்.

“நேத்து ரெண்டரை மணிக்கி வந்து இவருதான் வயரத் தொட்டாரு” என்றார் பில் போடுகிறவர். அது உண்மை.

முதலாளி என்னைப் பார்த்தார். “ஏன் தம்பி, ஓடிக்கிட்டிருக்கற சூளையில கை வெக்கலாமா?”

“நான் கேமரா வயரத்தான் சார் செருகினேன். சூளை வயரத் தொடல.”

“அதுவரைக்கும் ஒழுங்கா ஓடிச்சே?”

அதுவும் உண்மை. அவனைப் பார்த்தேன். காலையில் மங்களூரிலிருந்து வந்திருந்தான். தட்டில் ஒட்டிக் கிடந்த குமிழை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தான். ஏதாவது சொல்வான் என்று காத்திருந்தேன். பேசுவது அவன் வேலை. ஓசூரிலிருந்து அப்படித்தான். அவன் சுரண்டிக்கொண்டே இருந்தான்.

அன்று சாயங்காலம் ஸ்விட்சுக்கு முன்னால் உட்கார்ந்தேன். பதினேழைக் கூப்பிட்டுப் பார்த்தேன். பிங் என்று ஒன்று உண்டு, ‘இருக்கிறாயா?’ என்று கேட்பது மாதிரி. பதில் இல்லை. சூளைப் பெட்டியில் விளக்கு எரிகிறது, ஆனால் பதினேழில் அது இல்லை. ஒவ்வோர் எண்ணாகக் கேட்டுக்கொண்டு வந்தேன். ஒன்பதில் பதில் வந்தது. கேமராப் பெட்டிதானே, வரத்தான் வேண்டும். சந்தேகத்தில் கேமரா வயரைப் பிடுங்கிவிட்டு மறுபடி கேட்டேன். அப்போதும் ஒன்பதிலிருந்து பதில் வந்தது.

அப்போது புரிந்தது. எண் என்பது நாம் சொல்லிக் கொடுப்பது. வயரில் அனுப்புவதற்கு, அந்த எண்ணுக்கு உரிய பொருள் எது என்று கம்ப்யூட்டர் தெரிந்துகொள்ள வேண்டும். அதற்கு அது எல்லோருக்கும் கேட்கும்படி, “ஒன்பது யாரு?” என்று கத்தும். யார் “நான்தான்” என்கிறாரோ அவரை நம்பிவிடும். சாட்சி கேட்காது. கேமரா வயர் தொங்கிய வரைக்கும் “நான்தான்” என்று சூளை மட்டும் சொல்லியிருக்கிறது. நான் வயரைச் செருகியதும் கேமராப் பெட்டி எழுந்து “நான்தான்” என்றது. அன்றிலிருந்து சூளைக்குப் போக வேண்டிய கேள்விகள் எல்லாம் கேமராவுக்குப் போயின. கேமராவுக்குச் சூட்டைப் பற்றி ஒன்றும் தெரியாது.

சூளைக்கு ஒன்பது கொடுத்தது யார்? அந்தப் பெட்டியின் எண்ணை மாற்றும் திரைப் பக்கத்துக்குள் போகக் கடவுச்சொல் வேண்டும். ஓசூரில் நாங்கள் தினமும் டீ குடித்த கடையின் பெயரைத்தான் வைத்திருந்தோம். அது இரண்டு பேருக்குத்தான் தெரியும்.

ஆனாலும் நம்பவில்லை. மறுநாள் முதலாளி சாப்பிடப் போன நேரத்தில் கேமராப் பெட்டியைத் திறந்து, நான் நல்லூரில் இருந்த வாரத்தின் படத்தை ஓட்டினேன். சத்தம் இல்லாத படம். புதன்கிழமை காலை. சூளை வாசலில் அவன் தள்ளுவண்டி மேல் உட்கார்ந்து மடியில் லேப்டாப்பை வைத்திருக்கிறான். பக்கத்தில் முதலாளி. அவர் கையில் எலுமிச்சம்பழம், தரையில் கற்பூரம். முதலாளி கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார், விரலால் அவசரப்படுத்துகிறார். அவன் தட்டுகிறான். தலையாட்டுகிறான். முதலாளி பழத்தை நறுக்கி இரண்டு பக்கமும் வைக்கிறார். அவன் தோளில் தட்டுகிறார்.

அவன் மட்டும் என்றால் நான் ஒரு மாதிரி தாங்கியிருப்பேன். இரண்டு பேருக்கும் தெரியும். இரண்டு பேரும் அன்றைக்குச் சூளை முன்னால் நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதுவரைக்கும் ஒழுங்கா ஓடிச்சே என்று முதலாளி கேட்ட குரலில் ஒரு நடுக்கம்கூட இல்லை.

யூனிட்டுகள் இருந்த தொழிற்பேட்டை வாசலில் டீக்கடையில் அவன் இருந்தான். போய் எதிரே உட்கார்ந்தேன்.

“என்னாடா, சாப்ட்டியா?” என்றான்.

“சூளைக்கு ஏன் ஒம்போது வெச்ச?”

“இன்னா ஒம்போது?”

“கேமராவுல இருக்குது. எலுமிச்சம்பழம்கூட நல்லாத் தெரியுது.”

கிளாஸைக் கீழே வைத்தான். “பிங் அடிச்சுப் பாத்தன்டா. பதிலே வரல. காலியா இருக்குதுன்னுதான் வெச்சேன். நீ கேமரா வயரப் புடுங்கிட்டுப் போவன்னு எனக்குத் தெரியுமா?”

“நோட்டுல எழுதியிருக்குதே.”

“நோட்டத்தான் நீ நல்லூருக்குத் தூக்கினு போயிட்ட.”

“போன் பண்ணக் கூடாதா?”

“பண்ணா நீ வேணாம்னுவ. அந்த ஆளு நல்ல நேரம் முடியப் போவுதுன்னு நிக்கிறாரு. எட்டு வேணாம், ஒம்போது வைன்னாரு. வெச்சேன். வூட்டுக்கு நெம்பர் மாத்தற மாரிதானேன்னு நெனச்சேன்.”

அது வரைக்கும் எனக்குக் கோபம் இல்லை. தப்பில் பாதி என்னுடையது. வயரைத் தொங்க விட்டவன் நான், நோட்டை எடுத்துப் போனவன் நான்.

“சரி. தலைவரு கேட்டப்போ ஏன் வாயத் தொறக்கல?”

“தொறந்தா ரெண்டு பேருக்கும் இல்லன்னு ஆயிடும்டா. அன்னிக்கிக் காலையிலயே மொதலாளி சொல்லிட்டாரு. ஜோசியத்துக்காக நம்பர மாத்தி ஒரு சூள சரக்கு போச்சுன்னா சங்கமே கைகொட்டிச் சிரிக்கும், அவரு வெளிய தல காட்ட முடியாதாம். ஒருத்தன் போனாப் போதும், இன்னொருத்தன அவரு சங்கத்துல சேத்து வுடறேன்னாரு.”

“அதுக்கு நானா?”

“நீ எங்க போனாலும் பொழைச்சிக்குவ மாப்ள. ஒனக்கு ஊரு மாத்தறது சட்ட மாத்தற மாரி. நான் எங்க போறது? அவளுக்கு ஏழு மாசம்.”

ஆதாருக்கு நான் வரிசையில் நின்றபோது என் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவன் சொல்கிறான். எங்கே போனாலும் பிழைத்துக்கொள்வேன் என்பது பொய்யில்லை. அதுதான் எரிந்தது.

முதலாளியிடம் ஒரே ஒரு தடவை பேசினேன். “படத்தப் பாத்தேன் சார்” என்றேன். அவர் பேனா மூடியைத் திறந்து மூடினார். “அந்தக் கேமராப் பெட்டி பழசாயிடுச்சு. மாத்திடலாம்னு இருக்கேன்” என்றார். பிறகு, “ஒனக்கு வேற எங்கயாவது சொல்லி வுடறேன் தம்பி. கையில தொழில் இருக்குது, ஒனக்கென்ன” என்றார். அவனும் அவரும் ஒரே வாக்கியத்தைப் பேசி வைத்துக்கொண்டார்களோ என்று தோன்றியது.

அந்தப் பெட்டியில் பதினைந்து நாள் படம்தான் இருக்கும். அதற்குப் பிறகு பழையதன் மேல் புதியது ஏறிவிடும். நான் கணக்குப் போட்டேன். புதன்கிழமைப் படம் அழிய இன்னும் நான்கு நாள். மூன்றாவது நாள் சங்கக் கூட்டம். தலைவரைக் கூப்பிட்டு உட்கார வைத்துக் காட்டியிருக்கலாம். அதற்கு ஐந்து நிமிஷம் போதும். காட்டினால் என் பெயர் சுத்தமாகும், வேலை யாருக்கும் இருக்காது. நல்ல மனசு என்று யாரும் நினைக்க வேண்டாம். இரண்டு நாள் ராத்திரி யோசித்தேன். காட்டிய பிறகு நான் எங்கே இருப்பேன் என்று யோசித்தபோது, அப்போதும் ஒரு பஸ்ஸில்தான் இருந்தேன். அதனால் காட்டவில்லை. கூட்டத்தில் அவனை மட்டும் வேலைக்கு வைத்துக்கொள்வது என்று முடிவு செய்தார்கள்.

போவதற்கு முன் அவனுக்கு எல்லாவற்றையும் ஒப்படைக்கும்படி முதலாளி சொன்னார். யூனிட் அலுவலகத்தில் பகல் முழுக்க உட்கார்ந்தோம். சூளைக்கு இருபத்து மூன்று வைத்தேன்.

“கூட்டினா அஞ்சு. யாருக்கும் கெடுதல் இல்ல” என்றேன்.

அவன் குனிந்து எழுதிக்கொண்டான். பதில் வராவிட்டால் திரையில் சிவப்பாகக் காட்டும்படி மாற்றினேன். பழைய மீட்டரை ரிப்பேரிலிருந்து வாங்கிச் சூளை அண்ணன் பக்கத்தில் மாட்டச் சொன்னேன். பிங் அடித்துப் பதில் வரவில்லை என்றால் அந்த எண் காலி என்று அர்த்தமில்லை, ஆள் தூங்கியிருக்கலாம், வயர் பிடுங்கியிருக்கலாம், முதலில் நோட்டைப் பார் என்றேன். “ம்” என்றான். கத்திக் கேட்பது, “நான்தான்” என்றவரை நம்புவது, அதையும் சொன்னேன். “யாரு வேணா நான்தான்னு சொல்லலாமா?” என்று கேட்டான். “சொல்லலாம்” என்றேன். தலையை நிமிர்த்தாமல் அதையும் எழுதினான். நோட்டைக் கொடுத்தேன். கட்டிலை அறையிலேயே விட்டுவிட்டேன்.

சூளை அண்ணன் மட்டும் வாசல் வரை வந்தார். “ஒரு வார்த்த சொல்லாமப் போறியே தம்பி” என்றார். அவருக்கு எவ்வளவு தெரியும் என்று எனக்குத் தெரியாது. “போயிட்டு வரேண்ணே” என்றேன். ஒட்டிப்போன குமிழ் ஒன்றைக் கையில் கொடுத்தார். சேலம் பஸ்ஸில் போகும்போது அது பையில் இடித்துக்கொண்டே வந்தது. ஆத்தூரில் இறங்கி டீ குடித்தபோது அதைக் கடை மேஜையிலேயே வைத்துவிட்டு வந்தேன்.

இப்போது ஒரு மருத்துவமனைக் கட்டடத்தில் வயர் இழுக்கிறேன். ஊர் முக்கியமில்லை. போன மாதம் அவன் போன் செய்தான். குழந்தை பிறந்துவிட்டதாம், பெண். பிறகு, “ஒன் ஆதார் கார்டு ரூமுக்கு வந்திருக்குதுடா. ஜங்ஷன் ரோடு அட்ரஸு போட்டு, போட்டோ நல்லாத்தான் இருக்குது. எந்த அட்ரஸுக்கு அனுப்பட்டும்?” என்றான்.

கட்டடத்தில் சுவர்கூட முடியவில்லை. நாங்கள் தார்ப்பாய்க்குக் கீழே படுக்கிறோம். என்ன சொல்வது என்று யோசித்தேன். அதற்குள் அவன் தொண்டையைச் செருமிக்கொண்டு, “அப்பறம் மாப்ள, ரெண்டாவது யூனிட்டு ஸ்விட்சுல ஒரு லைட்டு ஆரஞ்சா எரியுது. மினுக்கவே மாட்டேங்குது. நாள மறுநாள் சங்கத் தலைவரு பாக்க வராரு. அது என்னாடா?” என்றான்.

அதற்குத்தான் போன் செய்திருக்கிறான்.

“வயரோட ரெண்டு முனையையும் வெட்டிட்டுப் புதுசா மாட்டு. அப்பவும் மினுக்கலன்னா பக்கத்துத் தொளைக்கி மாத்து” என்றேன். திரும்பச் சொல்லிப் பார்த்துக்கொண்டான். எழுதுகிற சத்தம் கேட்டது. அது என் நோட்டாகத்தான் இருக்க வேண்டும். சரிடா, வெச்சிடறேன் என்று வைத்துவிட்டான். கார்டைப் பற்றி நானும் திரும்பக் கேட்கவில்லை, அவனும் கேட்கவில்லை. அது அங்கேயே இருக்கிறது.